எல்லை அறியாப் பகை

முன்னுரை

உழவன் இட்ட விதை முளைத்து, வளர்ந்து, கதிராகி, களஞ்சியத்தை அடையும்வரை அதற்கு நேரும் இடர்கள் பல. திருக்குறளில் நாடு என்னும் அதிகாரத்துக்கு உரை கூறுமிடத்துப் பரிமேலழகர், நாட்டுக்குக் கேடு விளைப்பனவாக ஆறனை எண்ணுகின்றார். மிகுந்த மழை, மழையின்மை, எலி, விட்டில், கிளி, அரசண்மை என்பனவே அவை. அரசண்மை என்பது வேற்றரசர் அண்மையில் இருத்தலால் வரும் கேடாகும்.

இவ்வாறனுள் எலியை வயலிலேயே பிடிக்கலாம். கிளியைக் கவண்கல் எறிந்து ஓட்டலாம். விட்டில் என்று முன்னோர் குறித்த வெட்டுக்கிளியின் படையெடுப்போ தனியொரு உழவனால் தடுக்கத்தக்கதன்று. ஓர் ஊராலும் அஃது இயலாது. ஒரு நாடு முழுவதும் திரண்டு எழுந்தாலும் அப்பகையை அந்நாடு தனித்து நின்று வெல்லுதல் அரிது. அண்டை நாடுகள் ஒன்று கூடி உழவைக் காக்க முற்பட்டதற்கு அரியதோர் எடுத்துக்காட்டாக விளங்குவது பாலைவன வெட்டுக்கிளியை எதிர்த்து நடைபெறும் போராட்டமேயாகும்.

வெட்டுக்கிளியின் இயல்பு

பாலைவன வெட்டுக்கிளி ஏறத்தாழ இரண்டு கிராம் எடையே உடையது. அது நாள்தோறும் தன் எடைக்கு நிகரான பசுந்தழையை உண்கின்றது. தனியே காணும்பொழுது அதனைக் கண்டு அஞ்சுவார் ஒருவரும் இலர். ஆனால், அது தனியே வருவதில்லை. ஒரு சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள கூட்டத்தில் நான்கு கோடி முதல் எட்டுக் கோடி வரை வெட்டுக்கிளிகள் இருத்தல் கூடும். அக்கூட்டம் ஒரு நாளில் தின்னும் உணவு 35,000 மக்களின் ஒரு நாளைய உணவுக்கு ஒப்பாகும் என்று ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் கணக்கிட்டுள்ளது. பல நூறு சதுரக் கிலோமீட்டர் பரப்பை மூடிப் பறக்கும் கூட்டங்களும் உண்டு. அவை இறங்கிய வயலில், காலையில் பசுமையாய் இருந்த பயிர் மாலையில் வெறுந்தாளாய் நிற்கும்.

இவ்வுயிர் இருவகை வாழ்க்கையை உடையது. மழை குன்றிய காலத்தில் பாலைநிலத்து மணலின் நிறங்கொண்டு, ஒன்றையொன்று அணுகாமல், தனித்தனியே வாழும். நல்ல மழை பெய்து மணல் நனைந்ததும் பெண் வெட்டுக்கிளிகள் ஈரமணலைத் துளைத்து முட்டையிடுகின்றன. ஏறக்குறைய இரண்டு வாரங்களில் முட்டைகள் பொரிகின்றன. சிறகு முளையாத குஞ்சுகள் பெருகி, பசுமை குறையக் குறைய ஓரிடத்தில் நெருங்குகின்றன. ஒன்றோடொன்று உராயுமாறு நெருங்கியவுடன் அவற்றின் இயல்பே மாறிவிடுகின்றது. நிறம் மாறுகின்றது, நடை மாறுகின்றது, தனித்து வாழ்ந்தவை படையாக அணிவகுக்கின்றன. சிறகு முளைத்ததும் அப்படை வானில் எழுகின்றது.

நெடுங்காலம் இவ்விரு வகையும் வெவ்வேறு இனங்கள் என்றே அறிஞர் கருதிவந்தனர். உருசிய நாட்டிற் பிறந்து இங்கிலாந்தில் ஆராய்ச்சி நடத்திய போரிசு உவாரோவ் என்னும் அறிஞர், 1921-இல், வெட்டுக்கிளியின் தனிநிலையும் கூட்டுநிலையும் ஓரினத்தின் இருவேறு நிலைகளே என்னும் கொள்கையை வெளியிட்டார். அக்கொள்கை போராட்டத்தின் போக்கையே மாற்றிற்று. கூட்டமாகத் திரண்டபின் வெட்டுக்கிளியை எதிர்ப்பது வெள்ளம் வந்தபின் அணை கோலுவதை ஒக்கும். பாலையில் அது சிதறிக் கிடக்கும்போதே கண்டு அழித்தல் வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று.

ஒரு நாட்டின் மழை, மற்றொரு நாட்டின் பசி

வெட்டுக்கிளி காற்று வீசும் திசையில் பகற்பொழுதில் பறப்பது. இரவில் மரஞ்செடிகளில் தங்குவது. ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை அது கடந்துவிடும். 1988-இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து எழுந்த கூட்டங்கள் அட்லாண்டிக் பெருங்கடலையே கடந்து மேற்கிந்தியத் தீவுகளைச் சென்றடைந்தன. அவ்வளவு ஆற்றல் உடைய உயிருக்கு மனிதர் வரைந்த எல்லைக்கோடு ஒரு பொருட்டாகுமோ?

அமைதிக் காலத்தில் இது வாழும் நிலப்பரப்பு மேற்கு ஆப்பிரிக்கா முதல் மேற்கு இந்தியா வரை ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் சதுரக் கிலோமீட்டர். அப்பரப்பில் முப்பது நாடுகள் அமைந்துள்ளன. பெருந்தாக்குதல் நேரும்போது அறுபது நாடுகள் வரை துன்புறக்கூடும்.

இதன் செலவில் ஓர் ஒழுங்கு உண்டு. குளிர்காலத்தில் செங்கடற்கரைகளில் மழை பெய்யும்போது அங்கே பெருகுகின்றது. இளவேனிலில் ஈரானின் தென்பகுதியிலும் பாகிஸ்தானைச் சேர்ந்த பலூசிஸ்தானத்திலும் பெருகுகின்றது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் இந்திய பாகிஸ்தான எல்லையின் இருபுறத்தும் பரந்து கிடக்கும் தார்ப் பாலைவனத்தில் பெருகுகின்றது. மழைக்காலம் கழிந்ததும் மீண்டும் மேற்கு நோக்கித் திரும்புகின்றது. எனவே, ஈரானில் முளைத்த தீங்கு இராஜஸ்தானத்தில் விளைகின்றது. இராஜஸ்தானத்தில் அழிக்காது விட்டது அராபியக் கரையில் எழுகின்றது. அண்டை வீட்டுக் கூரையில் பற்றிய தீயைப் பார்த்துக்கொண்டிருப்பவன் தன் வீட்டையும் இழப்பான் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கூட்டு முயற்சியின் தோற்றம்

இவ்வுண்மையை உணர்ந்த நாடுகள் பல 1920-இல் உரோம் நகரில் கூடி, வெட்டுக்கிளி எதிர்ப்புக்கென ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 1930-களில் உரோம், பாரிசு, இலண்டன், கெய்ரோ, பிரசல்சு ஆகிய நகரங்களில் அனைத்துநாட்டு மாநாடுகள் நடைபெற்றன. 1945-இல் உணவு வேளாண்மை நிறுவனம் தோன்றியபின் இப்பணிக்கு உறுதியானதோர் இருப்பிடம் வாய்த்தது. எத்தியோப்பியா, கென்யா, சோமாலியா, உகாண்டா முதலிய கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் தமக்கென ஒரு கூட்டு அமைப்பை 1962-இல் ஏற்படுத்திக்கொண்டன.

இந்தியாவில் வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு 1939-இல் நிறுவப்பெற்றது. இராஜஸ்தானம், குஜராத்து ஆகிய மாநிலங்களில் ஏறக்குறைய 2 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் பாலைநிலம் அதன் கண்காணிப்பில் உள்ளது. ஆயினும், தன் எல்லைக்குள் மட்டும் காவல் புரிவதால் பயன் பாதியே என்பதை அது விரைவில் கண்டது. 1964-இல் ஆப்கானிஸ்தானம், இந்தியா, ஈரான், பாகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளும் உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவில் தென்மேற்கு ஆசியாவிற்கான வெட்டுக்கிளிக் கட்டுப்பாட்டு ஆணையத்தை அமைத்தன. இந்நாடுகளிடையே அக்காலத்தும் பின்னரும் நிலவிய அரசியல் வேறுபாடுகளை நினைக்குங்கால் இதன் அருமை புலப்படும்.

எல்லையில் ஒரு சந்திப்பு

இராஜஸ்தானத்தின் பார்மேர் மாவட்டத்தில் முனாபாவ் என்னும் சிற்றூர் உள்ளது. எல்லைக்கு அப்பால் சிந்து மாகாணத்தில் கோக்ராபார் என்னும் ஊர் உள்ளது. 1977 முதல் இரு நாட்டு வெட்டுக்கிளித் துறை அலுவலர்கள் எல்லையிற் சந்திக்கத் தொடங்கினர். இடையில் சில ஆண்டுகள் தடைப்பட்டபோதிலும், 2005 முதல் அச்சந்திப்புகள் மீண்டும் பல்லாண்டுகள் நடந்துவந்தன. ஜூன் முதல் நவம்பர் வரையுள்ள மாதங்களில், எந்த இடத்தில் மழை பெய்தது, எங்கே முட்டை காணப்பட்டது, எக்கூட்டம் எத்திசையிற் பறந்தது என்னும் செய்திகளை அவர்கள் பரிமாறிக்கொண்டனர். ஜோத்பூருக்கும் கராச்சிக்கும் இடையே வானொலிவழிச் செய்திகளும் சென்றுவந்தன. இவ்வாறே, ஈரானும் பாகிஸ்தானும் 1995 முதல் இளவேனிற் காலத்தில் பலூசிஸ்தானத்தில் கூட்டு ஆய்வு நடத்தும் வழக்கத்தை மேற்கொண்டன.

அச்சந்திப்புகளில் ஆரவாரம் இல்லை, விருந்தில்லை, முழக்கம் இல்லை. மணல் எவ்வளவு ஆழம் நனைந்துள்ளது என்பதே அங்குப் பேசப்படும் பொருள். ஆயினும், அந்த எளிய செய்தி உரிய காலத்திற் கிடைப்பதே எண்ணிறந்த உழவர்களின் உணவைக் காக்கின்றது.

இத்தகைய காவலின் பயனை இந்திய அரசின் கணக்குகளால் உணரலாம். 1926 முதல் 1931 வரை நீடித்த வெட்டுக்கிளிப் பெருக்கால் நேர்ந்த பயிரிழப்பு ஏறத்தாழ 10 கோடி ரூபாய். 1949 முதல் 1955 வரை நேர்ந்தது 2 கோடி ரூபாய். 1959 முதல் 1962 வரை நேர்ந்தது 50 இலட்சம் ரூபாய். 1962-க்குப் பிறகு இந்தியாவில் பல்லாண்டு தொடரும் பெருக்கம் ஏற்படவில்லை. 1978-லும் 1993-லும் எழுந்த பெருக்கங்களும் அடக்கப்பட்டன. புதிய மருந்துகள், வானூர்திகள், இயற்கையின் மாறுதல் ஆகியவற்றுக்கும் இதிற் பங்குண்டு. முன்கூட்டிப் பெற்ற செய்திக்கும் பெரும்பங்கு உண்டு.

காவல் தளர்ந்தால்

காவல் ஓரிடத்தில் தளர்ந்தாலும் துன்பம் எங்கும் பரவும். மேற்கு ஆப்பிரிக்காவில் 2003 முதல் 2005 வரை எழுந்த பெருக்கத்தை அடக்க 40 கோடி டாலருக்கு மேல் செலவாயிற்று. தொடக்கத்தில் உதவி தாமதமாகச் சென்றதே செலவு பெருகியதற்கு ஒரு காரணம்.

2018-இல் மே மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும் இரண்டு புயல்கள் தென் அராபியாவைத் தாக்கின. மனித நடமாட்டமற்ற பெரும்பாலையில் மழைநீர் ஏரிகளாகத் தேங்கியது. அங்கே காண்பாரின்றி வெட்டுக்கிளிகள் தலைமுறை தலைமுறையாகப் பெருகின. அவை ஏமன் நாட்டில் இறங்கியபோது, அங்கு உள்நாட்டுப் போர் மூண்டிருந்தமையால், தடுப்புப்பணி செவ்வனே நடைபெறவில்லை. ஏமனில் எழுந்தவை சோமாலியாவையும் எத்தியோப்பியாவையும் தாக்கின. கென்யா நாடு எழுபது ஆண்டுகளாகக் காணாத அழிவைக் கண்டது. ஈரான் வழியாகவும் பாகிஸ்தான் வழியாகவும் வந்தவை 2019-லும் 2020-லும் இந்தியாவைத் தாக்கின. 2020 மே மாதத்தில் ஜெய்ப்பூர் நகரின் வானையே அவை மறைத்தன. போர் ஒரு நாட்டில். பசி பல நாடுகளில்.

அவ்வாண்டில் கொள்ளைநோய் காரணமாக ஒருவரையொருவர் நேரிற் காண இயலாத நிலை இருந்தது. ஆயினும், தென்மேற்கு ஆசிய ஆணையத்தின் நான்கு நாட்டு வல்லுநர்களும் வாரந்தோறும் கணினித்திரை வழியே கலந்து பேசினர். இந்தியா 25 டன் மாலத்தியான் மருந்தை ஈரானுக்கு அளித்தது. இஃது ஈகை மட்டுமன்று, தற்காப்பும் ஆகும். ஈரானில் மடிந்த வெட்டுக்கிளி இந்தியாவை வந்தடைவதில்லை அன்றோ!

இன்னும் செய்யத்தக்கன

மருந்து தெளிப்பதாலும் தீமை உண்டு. தேனீக்களும் பிற நல்லுயிர்களும் அதனால் மடிகின்றன. ஆகவே, வெட்டுக்கிளியை மட்டும் பற்றி அழிக்கும் ஒருவகைப் பூஞ்சையைப் பயன்படுத்தும் முறை வளர்ந்துவருகின்றது. 2020-இல் சோமாலியாவில் அஃது பெருமளவில் கையாளப்பட்டது. மழை பெய்த பாலையிடங்களையும் தளிர்த்த பசுமையையும் செயற்கைக்கோள்கள் காட்டுகின்றன. ஆயினும், கருவி காட்டிய இடத்துக்குச் சென்று மணலைத் தோண்டிப் பார்ப்பவர் மனிதரே. அவர் கண்டதை அயல்நாட்டாருக்கு மறைக்காமல் உரைக்கும் மனமும் வேண்டும். அம்மனம் இல்லையேல் கருவிகளால் விளையும் பயன் சிறிதே.

முடிவுரை

பண்டைக்காலத்தில் விட்டிலும் அரசண்மையும் ஒருங்கே கேடுகளாக எண்ணப்பட்டன. இன்றோ, விட்டிலாகிய கேட்டை வெல்வதற்கு அண்டை அரசின் துணையே சிறந்த படைக்கலம் ஆகியுள்ளது. பகைமைக்குக் காரணங்கள் பலவாகலாம். பசி இரு பக்கத்தார்க்கும் ஒன்றே. எல்லைக்கு அப்பாலுள்ள உழவனின் வயல் செழித்தாலன்றித் தன் வயல் செழியாது என்னும் உண்மையை வெட்டுக்கிளி மக்களுக்குக் கற்பித்தது. அதனை மறவாத நாடுகளின் களஞ்சியங்கள் நிறைந்திருக்கும்.