உப்புத் தீவின் கழுதைகள்

அன்புள்ள கயலுக்கு,

பொனேர் தீவின் சாலையில் கழுதைகள் தம் இஷ்டத்துக்குத் திரியும் காணொலியை அனுப்பி, "இதெல்லாம் யாருடையது மாமா?" என்று கேட்டிருந்தாய். இன்று யாருடையதும் இல்லை. ஒருகாலத்தில் இவற்றின் முன்னோர்க்கு எஜமானர்கள் இருந்தார்கள்.

வெனிசுவேலாவுக்கு வடக்கே, கரீபியக் கடலில் இருக்கும் சிறு தீவு அது. தங்கம் கிடைக்காததால் ஸ்பானியர் அதைப் பயனற்ற தீவு என்று ஒதுக்கினார்கள். ஆனாலும் 1515-இல் அங்கிருந்த கக்கேத்தியோ மக்களை அடிமைகளாகப் பிடித்துப் போக மட்டும் மறக்கவில்லை! 1526-இல் அதிகாரியாக வந்த ஹுவான் தெ அம்பியெஸ் அவர்களில் சிலரைத் திரும்பக் கொண்டுவந்தார். ஸ்பெயினிலிருந்து ஆடு, மாடு, குதிரைகளோடு கழுதைகளையும் இறக்கினார்.

அங்கே மழை குறைவு, ஆறு கிடையாது, எங்கும் கள்ளியும் முள்ளும். கழுதைக்கு இது பழகிய உலகம்தான். அதன் ஆதி வீடே வடகிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலம். உடல் எடையில் கால்பங்கு அளவு நீர் வற்றினாலும் தாங்கும். தண்ணீரைக் கண்டால் சில நிமிடங்களில் குடித்து ஈடுகட்டிவிடும். மாடு அப்படித் தாங்காது.

1636-இல் தீவு டச்சுக்காரர் கைக்குப் போனது. மீனைப் பதப்படுத்த அவர்களுக்கு உப்பு வேண்டியிருந்தது. தெற்குக் கரையில் உப்பளங்கள் பெருகின. வெயிலில் உப்பு வாரியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1850-இல் அவர்களுக்குக் கட்டிய கல்குடிசைகள் இன்றும் நிற்கின்றன. குனிந்து நுழைந்தால் படுக்கத்தான் முடியும். வார இறுதியில் குடும்பத்தைப் பார்க்க, வடக்கே ரின்கோன் ஊருக்குப் பல மணி நேரம் நடந்தார்கள். தண்ணீரும் பொதியும் சுமக்கக் கழுதைகள் இருந்தன.

1863-இல் அடிமை முறை ஒழிந்தது. கழுதைகளின் வேலை ஒழிய இருபதாம் நூற்றாண்டில் மோட்டார் வண்டி வரவேண்டியிருந்தது. தீனி போட மனமில்லாமல் அவிழ்த்துவிட்டார்கள். அதை விடுதலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவிழ்த்துவிட்டவை பெருகின. இரவில் கார்களில் அடிபடுகின்றன. ஆடுகளோடு சேர்ந்து இளஞ்செடிகளைக் கடித்துவிடுவதால் காடு மீண்டும் தழைப்பது கடினமாகிறது. இயற்கை ஆர்வலர்களின் இந்தக் கவலை நியாயமானதே. அவர்களைக் கழுதையின் எதிரிகள் என்று நினைத்துவிடாதே. 1993-இல் தொடங்கிய காப்பகம் ஒன்று அடிபட்டவற்றையும் தாயற்ற குட்டிகளையும் பராமரிக்கிறது. உள்ளே காரிலேயே சுற்றிப் பார்க்கலாம். கண்ணாடியை இறக்கினால் கழுதை தலையை நீட்டி உன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கும்.

அன்புடன்,
மாமா