சுருங்கிய பலூனும் தொய்ந்த வயிறும்



ஒரே மாதிரியான இரண்டு பலூன்களை வாங்குங்கள். ஒன்றை நன்றாக ஊதிக் கட்டி, ஒரு வாரம் அப்படியே வைத்திருங்கள். பிறகு கட்டை அவிழ்த்துக் காற்றை வெளியேற்றி, ஊதாத பலூனின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊதாதது சிறியதாக, வழவழப்பாக இருக்கிறது. ஊதியது பெரிதாகி, சுருக்கம் விழுந்து, தொய்ந்து கிடக்கிறது. உள்ளே இருந்த காற்று போய்விட்டது. ஆனால் ரப்பர் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கணக்கைக் கேளுங்கள். உங்கள் பெரியம்மா ஒருவர் 110 கிலோ எடை இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். நீரிழிவு, முழங்கால் வலி என்று பல தொல்லைகள். மருத்துவர் யோசனைப்படி இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஓராண்டில் எடை 75 கிலோவாகக் குறைந்தது. இப்போது மாடிப்படி ஏற மூச்சு வாங்குவதில்லை. ஆனால் ஒரு குறை. "உடம்பெல்லாம் இளைத்தும் வயிறு மட்டும் பை மாதிரித் தொங்குகிறதே! தினம் நூறு தடவை படுத்து எழுந்தால் சரியாகிவிடுமா? நீதான் அறிவியல் படிக்கிறாயே, சொல்லேன்!" என்று உங்களிடம் கேட்கிறார்.

என்ன பதில் சொல்வீர்கள்? அவசரப்பட வேண்டாம். படிப்படியாகப் பார்ப்போம்.

இரைப்பையில் என்ன செய்தார்கள்?

உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் அறுவை செய்யும் முறைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் மேசன். 1966-இல் அவர் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்துச் சிறுகுடலுடன் இணைத்தார். அந்நாளில் வயிற்றை நீளமாகக் கீறித்தான் இதைச் செய்ய வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலும் சில சிறு துளைகளின் வழியாகக் கருவிகளைச் செலுத்திச் செய்துவிடுகிறார்கள். மற்றொரு முறையில், இரைப்பையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை அகற்றி, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். அகற்றப்படும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரேலின் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. ஆகவே உணவின் அளவும் குறைகிறது, பசியும் குறைகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அறுவை நடந்தது இரைப்பையில். வயிற்றின் வெளிச்சுவரில் துளைகளைத் தவிர வேறு எதையும் மருத்துவர் மாற்றவில்லை. தொங்குவதோ வெளிச்சுவர்! அந்தச் சுவரில் தோல், கொழுப்பு, தசை என்று மூன்று அடுக்குகள் உண்டு. பெரியம்மாவின் ஒரு கேள்விக்கு மூன்று பதில்கள் தேவை.

முதல் அடுக்கு: கொழுப்பு

கொழுப்பு எங்கே போயிற்று? வியர்வையாக வழிந்துவிட்டது என்பார்கள் சிலர். தசையாக மாறிவிட்டது என்பார்கள் வேறு சிலர். இரண்டும் தவறு. 2014-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் ஆகிய இருவர் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதை நீங்களும் போடலாம்.

நம் உடலில் உள்ள கொழுப்பின் சராசரி மூலக்கூறு ஒன்றில் 55 கார்பன், 104 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். அது முழுதும் எரிய 78 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். கிடைப்பவை 55 கரியமில வாயு மூலக்கூறுகளும் 52 நீர் மூலக்கூறுகளும். இரு பக்கமும் அணுக்களை எண்ணிச் சரிபாருங்கள். பிறகு அணு எடைகளைப் போட்டுப் பார்த்தால், 10 கிலோ கொழுப்பு எரிய ஏறத்தாழ 29 கிலோ ஆக்சிஜன் தேவை என்றும், 28 கிலோ கரியமில வாயுவும் 11 கிலோ நீரும் உண்டாகும் என்றும் தெரியும். ஆக, பெரியம்மாவின் கொழுப்பில் பெரும்பகுதி அவருடைய மூக்கு வழியாகத்தான் வெளியேறியிருக்கிறது!

சரி, வயிற்றுத் தசையை அசைத்தால் வயிற்றுக் கொழுப்புத்தானே எரியும்? அப்படித்தான் தோன்றும். ஆனால் உடற்பயிற்சியின்போது அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதிலும் உள்ள கொழுப்புச் செல்களைச் சென்றடைகின்றன. அங்கே கொழுப்பு பிரிந்து, கொழுப்பு அமிலங்களாக இரத்தத்தில் சேர்ந்து, வேலை செய்யும் தசைக்கு வருகிறது. தசை தன் பக்கத்து வீட்டில் கடன் வாங்குவதில்லை. ஊர்ப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இதற்குச் சோதனைச் சான்று உண்டா? உண்டு. டென்னிஸ் வீரர்கள் ஒரே கையால் பல ஆண்டுகள் ஆடுகிறார்கள். 1971-இல் வெளியான ஓர் ஆய்வில் அவர்களுடைய இரு கைகளையும் அளந்து பார்த்தார்கள். ஆடும் கை பருத்திருந்தது. ஆனால் தோலடிக் கொழுப்பின் தடிமன் இரு கைகளிலும் ஏறத்தாழ ஒன்றே! 1984-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 13 ஆண்கள் 27 நாட்களில் ஆளுக்கு 5,004 முறை படுத்து எழுந்தார்கள். வயிறு, முதுகு, பிட்டம் மூன்றிலும் கொழுப்புச் செல்களை எடுத்து அளந்தபோது, வயிற்றில் மட்டும் தனியாகக் கூடுதல் குறைவு காணப்படவில்லை.

இன்னொரு செய்தி. 2008-இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆய்வாளர்கள், எடை குறைக்கும் அறுவைக்கு முன்பும் இரண்டாண்டுகளுக்குப் பின்பும் நோயாளிகளின் கொழுப்புச் செல்களை ஆராய்ந்தார்கள். செல்களின் பருமன் குறைந்திருந்தது; எண்ணிக்கை குறையவில்லை. அதாவது மூட்டைகள் காலியாகின்றன. ஆனால் சாக்குகள் அப்படியே இருக்கின்றன. மறுபடி கட்டுப்பாடின்றி உண்டால் அவை மீண்டும் நிரம்பும்.

இரண்டாம் அடுக்கு: தசை

வயிற்றுச் சுவரில் நான்கு வகைத் தசைகள் உள்ளன. நடுவில், விலா எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை நேராக இறங்குவது நேர்த்தசை. பக்கங்களில் மூன்று தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. வெளிச்சாய்தசையின் நார்கள், சட்டைப்பையில் கை விடுவதுபோல் கீழ்நோக்கிச் சாய்ந்தவை. உட்சாய்தசையின் நார்கள் அதற்கு எதிராக மேல்நோக்கிச் சாய்ந்தவை. எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் குறுக்குத்தசை, இடுப்பில் கட்டிய கச்சைபோல் குறுக்கே செல்கிறது. பிளைவுட் பலகையில் மரத்தகடுகளின் நார்களைத் திசை மாற்றி மாற்றி ஒட்டுகிறார்கள் அல்லவா? அதே உத்திதான். எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும்.

உங்கள் குறுக்குத்தசையை உணர வேண்டுமா? மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பெலும்பின் முன்முனைக்குச் சற்று உட்புறம் விரல்களை வையுங்கள். மெல்ல இருமுங்கள். விரலடியில் ஏதோ இறுகுகிறதா? அதில் குறுக்குத்தசையின் பங்கும் உண்டு.

தசை பயிற்சியால் வலுப்படும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரியம்மாவுக்கு இரண்டு சிக்கல்கள் உண்டு. எடை வேகமாகக் குறையும்போது கொழுப்புடன் தசையும் கரைகிறது. குறைந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பல்லாத திசு என்று கொண்டால், 35 கிலோவில் அது 7 கிலோ! இந்த இழப்பைக் குறைக்கத் தசைக்கு வேலையும் வேண்டும், புரதமும் வேண்டும். நாள்தோறும் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் உண்ணும்படி இத்தகைய நோயாளிகளுக்குப் பொதுவாகக் கூறப்படுகிறது. சிறிய இரைப்பையில் முதலில் சோற்றை நிரப்பிவிட்டால் பருப்புக்கும் முட்டைக்கும் இடம் இருக்காது. ஆகவே புரத உணவை முதலில் உண்ண வேண்டும்.

இரண்டாவது சிக்கல் காயம். தையல் பிரித்தவுடன் காயம் ஆறிவிட்டது என்று எண்ணுகிறோம். மேலே மூடியிருக்கலாம், உள்ளே கொலாஜன் நார்கள் இன்னும் பின்னப்பட்டுக்கொண்டிருக்கும். மூன்று மாதம் கழித்தும் தழும்பின் வலு முந்தைய வலுவில் ஏறத்தாழ 80 சதவீதந்தான். இருமும்போது வயிற்றின் உள் அழுத்தம் 100 மி.மீ. பாதரச அளவுக்கும் மேல் போவதுண்டு. இளம் காயத்தின் மீது இப்படிப்பட்ட அழுத்தம் அடிக்கடி விழுந்தால், அந்த இடம் விட்டுக்கொடுத்து, குடல் பிதுங்கலாம். இதுவே குடலிறக்கம். அறுவைக்குப் பின் இருமும்போது வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்வதன் காரணம் இதுதான்.

எனவே பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் நடை. அறுவை செய்த அன்றோ மறுநாளோ நடக்கச் சொல்கிறார்கள். கால் சிரைகளில் இரத்தம் உறையாமல் இருக்க இது உதவும். அடுத்த சில வாரங்களுக்கு நடையை மெல்ல நீட்டலாம். குடம் தூக்குவது, மூட்டை தூக்குவது கூடாது. மருத்துவர் அனுமதித்த பிறகு, மூச்சை விட்டபடியே வயிற்றை மெல்ல உள்ளிழுத்தல், படுத்து இடுப்பை உயர்த்துதல், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுதல் ஆகியவற்றைச் செய்யலாம். அதன் பின்னரே சுவரில் கை ஊன்றி உடலை நேராக நிறுத்துவதும், பிறகு தரையில் அதையே செய்வதும். மூச்சை அடக்கிச் செய்யக் கூடாது. தழும்பின் அருகில் புடைப்போ, வலியோ, தலைச்சுற்றலோ ஏற்பட்டால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறிய இரைப்பையில் ஒரே மூச்சில் நீர் குடிக்க முடியாது என்பதால், நாள் முழுதும் சிறிது சிறிதாகப் பருகவும் வேண்டும்.

மூன்றாம் அடுக்கு: தோல்

இப்போது பலூனுக்கு வருவோம். தோலுக்கு வலுவைத் தருவது கொலாஜன். இழுத்து விட்டால் திரும்பும் தன்மையைத் தருவது எலாஸ்டின். பல ஆண்டுகள் விரிந்து கிடந்த தோலில் இந்த நார்கள் சிதைந்துபோகின்றன. எலாஸ்டினைப் பெரும்பாலும் சிறு வயதிலேயே உடல் உருவாக்கி முடித்துவிடுகிறது. பின்னர் எளிதில் ஈடுசெய்வதில்லை. தசைக்குக் கட்டளையிட நரம்பு உண்டு. தொய்ந்த தோலை அப்படிக் கட்டளையிட்டுச் சுருக்க முடியாது. ஆயிரம் முறை படுத்து எழுந்தாலும் மிகுந்த தோல் மறையாது. வயிற்றுப் பட்டை அணிந்தால் தாங்கலாக இருக்கும். கழற்றினால் பழைய கதைதான். தோல் மடிப்பில் புண், அரிப்பு என்று தொல்லை இருந்தால், எடை நிலைபெற்ற பிறகு மிகுதித் தோலை அகற்றும் அறுவை உண்டு. பெரும்பாலும் முதல் அறுவைக்குப் பின் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை காத்திருந்து அதைச் செய்கிறார்கள்.

இனி, பெரியம்மாவுக்கு என்ன பதில்?

"பெரியம்மா, கொழுப்பு உடம்பு முழுவதிலிருந்தும்தான் குறையும். தசையைப் பயிற்சியால் வலுவாக்கலாம். முதுகுவலி குறையும், நிமிர்ந்து நிற்கலாம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மெல்லத் தொடங்குங்கள். தோல் தொங்குவது உங்கள் சோம்பலால் அல்ல. அது ரப்பரின் குணம் போன்றது. அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்." இப்படிச் சொன்னால் அது உண்மையும் ஆகும், ஆறுதலும் ஆகும். ஒருவரின் தொங்கும் வயிற்றைப் பார்த்துச் சிரிப்பவர், அவர் கீழே இறக்கி வைத்த 35 கிலோவைப் பார்க்கத் தவறியவர்.

உங்களுக்கும் ஒரு சொல். வளரும் வயதில் பட்டினி கிடந்து எடை குறைக்க முயல வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உங்கள் வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும். அதற்கு விளையாட்டுத் திடலே போதும்.

சிந்தித்துப் பாருங்கள்

1. 28 கிலோ கொழுப்பு முழுதும் எரிந்தால் எவ்வளவு கரியமில வாயு உண்டாகும்?

2. டென்னிஸ் வீரரின் ஆடும் கை பருத்திருந்தும் கொழுப்பின் தடிமன் மாறவில்லை. அப்படியானால் பருத்தது எது?

3. ஒரு நாள் மட்டும் ஊதி வைத்த பலூனும், ஒரு மாதம் ஊதி வைத்த பலூனும் ஒரே அளவு தொய்யுமா? செய்து பார்த்து, நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.