ஓடும் நீரில் வளரும் பூஞ்சை

பாசி படிந்த குளத்துப் படியில் கால் வைத்து வழுக்கியிருக்கிறீர்களா? அந்த வழவழப்பு, நுண்ணுயிர்கள் தம்மைச் சுற்றித் தாமே சுரந்துகொண்ட பசைப் போர்வையாகும். பூஞ்சைகளும் இவ்வாறு படலமாக வாழ்வதுண்டு.

கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்னும் பூஞ்சை நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் இருக்கிறது. பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆனால், நோயாளியின் இரத்தக் குழாயில் செருகிய பிளாஸ்டிக் குழாயில் அது ஒட்டிக்கொண்டால் கதையே வேறு. முதலில் உருண்டைச் செல்கள் ஒட்டும். 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அவற்றிலிருந்து இழைகள் நீளும். இரண்டு மூன்று நாள்களில் பசை சூழ்ந்த அடர்ந்த படலம் உருவாகிவிடும். தனித்து மிதக்கும் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கும் ஃபுளுகோனசோல் மருந்தை நூறு மடங்கு, ஏன், ஆயிரம் மடங்கு சேர்த்தாலும் இப்படலம் தாங்கக்கூடும். பசையிலுள்ள குளுக்கான் என்னும் சர்க்கரைத் தொடர், மருந்தை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஆய்வகத்தில் பூஞ்சையை அசையாத ஊட்டத் திரவத்தில் வளர்ப்பது எளிது. உடலிலோ திரவங்கள் ஓடிக்கொண்டல்லவா இருக்கின்றன? எனவே கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திரவம் ஓயாமல் பாயும் கருவியில் கேண்டிடாவை வளர்த்துப் பார்த்தனர். ஓட்டம் படலத்தை அரித்துவிடும் என்றுதானே நினைப்போம்! 2006-இல் வெளியான முடிவு நேர்மாறானது. ஓட்டத்தில் வளர்ந்த படலத்தில் பசை மிகுந்திருந்தது. ஆம்ஃபோடெரிசின் பி என்னும் கடுமையான மருந்தையும் அது கூடுதலாகத் தாங்கிற்று.

சோதனைக் குழாயில் வென்ற மருந்து நோயாளியிடம் தோற்க இதுவும் ஒரு காரணமாகலாம். அதனால்தான் மருத்துவர்கள் மருந்து கொடுப்பதோடு, இயன்றவரை அந்தப் பிளாஸ்டிக் குழாயையே எடுத்துவிடுகின்றனர்.