செவிலியப் பணிக்குப் பொதுச் சொற்கள்: தவறான நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜெனீவாவிலிருந்து இயங்கும் சர்வதேசச் செவிலியர் கவுன்சில், 1989இல் சியோலில் கூடியபோது ஒரு முடிவெடுத்தது: செவிலியர் செய்யும் பணியை எல்லா நாடுகளிலும் ஒரே முறையில் பதிய வழிகாண வேண்டும். அப்படிப் பிறந்ததுதான் ‘செவிலியப் பணிக்கான சர்வதேச வகைப்பாடு’, சுருக்கமாக ஐசிஎன்பி. அதைச் சுற்றிச் சில தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

நம்பிக்கை: மருத்துவர் நோயின் பெயரை எழுதிவிடுகிறார், அதுவே போதும்.

உண்மை: பக்கவாதம் வந்த மூன்று பேரை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ் ஷீட்டில் மூவருக்கும் ஒரே நோய். ஆனால், ஒருவரால் உணவை விழுங்க முடியவில்லை. இன்னொருவருக்குப் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. மூன்றாமவரைக் கவனித்துக்கொள்ளும் மனைவி ஓய்ந்துபோயிருக்கிறார். மூவருக்கும் செவிலியர் செய்ய வேண்டியது வேறுவேறு. நோயை மட்டும் எண்ணும் பதிவேட்டில், இரவெல்லாம் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்த உழைப்புக்கு இடமில்லை. பிறகு எந்த வார்டுக்கு எத்தனை செவிலியர் தேவை என்பதை எதை வைத்துக் கணக்கிடுவது?

நம்பிக்கை: பொதுச் சொற்கள் என்றால் எல்லாரும் ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

உண்மை: ஐசிஎன்பியில் ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு குறியீடு உண்டு. பிரேசில் செவிலியர் போர்ச்சுகீசிய மொழியிலும் போலந்து செவிலியர் போலிஷ் மொழியிலும் எழுதலாம், குறியீடு ஒன்றுதான். அதனால் இரு நாட்டுப் பதிவுகளையும் ஒப்பிட முடிகிறது.

நம்பிக்கை: இது செவிலியரைக் கட்டங்களில் டிக் போடுபவராக்கிவிடும்.

உண்மை: என்ன செய்ய வேண்டும் என்று ஐசிஎன்பி கட்டளையிடுவதில்லை. எதில் கவனம், அதன் நிலை என்ன, என்ன செய்யப்பட்டது, எங்கே, எப்போது, எதைக் கொண்டு, யாருக்கு என்ற கூறுகளை இணைத்து, தான் கண்டதைச் செவிலியரே சொல்கிறார். சுமை கூடுகிறதென்றால், பெரும்பாலும் காரணம் மோசமாக வடிவமைத்த மென்பொருள்.

நம்பிக்கை: உலகத்துக்கே ஒரே ஒரு பட்டியல்தான்.

உண்மை: பட்டியல்கள் பல உண்டு. அமெரிக்காவில் 1973இல் செயின்ட் லூயிஸில் நடந்த மாநாட்டிலிருந்து, செவிலியர் கண்டறியும் பிரச்சினைகளுக்கான நாண்டா தொகுப்பு வளர்ந்தது. அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து செவிலியச் செயல்களுக்கு என்ஐசி, அவற்றின் பலன்களுக்கு என்ஓசி என இரண்டு தொகுப்புகள் வந்தன. ஐசிஎன்பியோ 2021 முதல், மருத்துவத் துறை முழுமைக்குமான ஸ்னோமெட் சிடி சொற்தொகுப்பின் பகுதியாகவே வெளிவருகிறது.

மருத்துவமனைப் பதிவேடுகள் கணினிக்கு மாறும் காலம் இது. அந்தத் திரையில் எவை இடம்பெற வேண்டும் என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் வார்டு செவிலியரும் கட்டாயம் உட்கார வேண்டும்.