உவர்ஜலத் தொட்டியில் கூட்டமீன் வளர்ப்பு

வேலூர் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றின் இரு கரைகளிலும், முன்பு நெல்லும் கரும்பும் தென்னையும் செழித்திருந்த நிலங்களில் பல உவர் பூத்துக் கிடப்பதை யாவரும் அறிவர். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு ஜலத்தால் இப்பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்குத் தகுதியற்றதாயிற்று என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் செய்த பூர்வாங்க ஆய்வின் முடிவு. 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டார் இதனை எடுத்துக் காட்டியுள்ளனர். கிணறு உப்புக் கரித்துப் போன குடியானவருக்கு, நெல்லுக்கு ஆகாத இந்த ஜலம் கடல்மீனுக்காவது ஆகாதா, அழகுமீன்களைத் தொட்டியில் வளர்த்து விற்றாலென்ன என்ற எண்ணம் தோன்றுதல் இயல்பே. அந்த எண்ணத்தில் ஒரு பாதி சரி, மற்றொரு பாதி பெருந்தவறு. தவறான பாதியை முதலில் கூறுதல் நலம்.

கடல் ஜலத்தில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. அது முழுவதும் சமையலுப்பு அன்று. சோடியமும் குளோரைடும் சேர்ந்து 30 கிராம் போக, சல்பேட்டு 2.7 கிராம், மெக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தனித்தனியே 0.4 கிராம் என்ற கணக்கில் இருக்கின்றன. உலகத்துப் பெருங்கடல்கள் யாவற்றிலும் இவ்விகிதம் ஏறக்குறைய மாறுவதில்லை. கடல்மீனின் செவுளும் இரத்தமும் இந்தக் கூட்டுக்கே பழகியவை. தோல் பதனிடும் பிரதேசத்துக் கிணற்றின் உப்போ வேறு வழியில் வந்தது. பச்சைத் தோல் அழுகாதிருக்க அதன்மேல் சமையலுப்பைத் தூவி அடுக்குவர். ஊறவைக்கும்போது அவ்வுப்பு கழுவப்பட்டு வெளியேறும். பின்னர் மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், பதனிடக் குரோமிய உப்பும் சேருகின்றன. ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட காலத்தில் குரோமியத்தின் தொல்லையாவது இல்லை. இவ்விதம் கெட்ட கிணற்றில் சோடியமும் குளோரைடும் மிகுந்திருக்க, பொட்டாசியமும் மெக்னீசியமும் கடல் விகிதத்தில் இரா. நாக்குக்கு இரண்டும் உப்பே, மீனுக்கு அப்படியன்று.

ஹரியானாவில் ரோத்தக்கை அடுத்த லாஹ்லியில், மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தார் நிலத்தடி உவர்ஜலத்தில் குறைவுபட்ட பொட்டாசியத்தைச் சேர்த்து இறால் வளர்த்துக் காட்டியுள்ளனர் என்பது உண்மை. ஆனால் அவ்விடத்து உவர் மண்ணால் வந்தது, தொழிற்சாலையால் வந்ததன்று. அந்த முறையை அப்படியே ஆம்பூருக்குக் கொண்டுவருதல் ஆகாது. கழிவு கலந்த குட்டையில் ஜிலேபிக் கெண்டை உயிரோடு துள்ளுவதைக் கண்டு ஜலம் நல்லதென்று முடிவு செய்வோரும் உளர். அம்மீன் கெட்ட ஜலத்திலும் பிழைக்கும் இனம். அது உயிரோடிருத்தல் எதற்கும் அத்தாட்சியாகாது. குரோமியம் முதலிய உலோகங்களுக்குச் சோதனை செய்யாமல் அத்தகைய குட்டையின் மீனை உணவுக்கு விற்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் தடுக்க வேண்டும்.

இனிச் சரியான பாதி. கடலினின்று கொண்டுவந்த ஜலத்திலோ, சுத்த ஜலத்தில் கடலுப்புக் கலவையைக் கரைத்துச் செய்த ஜலத்திலோ, கடலுக்கு வெகு தொலைவிலும் மீன் வளர்க்கலாம். பள்ளிக்கூடக் காட்சிக்கும் சிறு வியாபாரத்துக்கும் ஏற்றவை கூட்டமாக நீந்தும் இனங்களே. இவை கண்ணாலும், உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோட்டாலும் அண்டை மீனின் அசைவை அறிந்து ஒன்றாகத் திரும்புகின்றன. கூட்டம் அவற்றுக்கு அலங்காரமன்று, பாதுகாப்பு. பகைமீன் பாயும்போது பலவற்றுள் ஒன்றைக் குறிவைத்துப் பிடித்தல் கடினம். தனியே விடப்பட்ட கூட்டமீன் மூலையில் ஒதுங்கி, நிறம் மங்கி, இரையைத் தொடாமல் மெலிந்து போகும். ஒரு ஜோடி வாங்கி வளர்த்துப் பார்ப்போம் என்னும் சிக்கனம் இங்கே நஷ்டத்தில் முடியும்.

எல்லாக் கடல்மீனும் கூட்டமீன் அல்ல என்பதையும் அறிய வேண்டும். பலரும் விரும்பும் கோமாளி மீன் ஜோடியாக வாழ்வது. பவளப்பாறைகளின்மேல் கூட்டமாக மிதக்கும் பச்சைக் குரோமிஸ் என்னும் விரற்கடை மீன் கடைகளில் எளிதில் கிடைக்கும். ஆயினும் புதியவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்வதற்கில்லை. பத்து மீன் விட்ட தொட்டியில் வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்து இறுதியில் ஒன்றிரண்டே எஞ்சுதல் அதன் வழக்கம். இடம் நெருக்கமானால் வலியது எளியதைத் துரத்திக் கொல்லும். அன்றியும், யூரோனிமா என்னும் நுண்ணுயிர் அவ்வினத்தைப் பற்றி, விலாவில் சிவந்த புண் உண்டாக்கி விரைவில் மாய்க்கும்.

இதற்கு மாறாக, கழிமுகங்களில் வாழும் மடவை, பால் கெண்டை ஆகியவற்றின் குஞ்சுகளும், வெள்ளித் தகடு போன்ற உடலுடைய மோனோ மீனும் உப்பின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் வன்மையுள்ளவை. லிட்டருக்கு 10 அல்லது 15 கிராம் உப்பே இவற்றுக்குப் போதும். உப்பின் செலவு பாதிக்கும் கீழாகும், அதனால் வேறொரு பெரும் நன்மையும் உண்டு, அது கடைசியில் கூறப்படும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2015-ஆம் வருஷத்தில் பால் கெண்டையைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்வித்தனர். மடவையும் பால் கெண்டையும் பெரிதாக வளருபவை. ஆகையால் தொட்டியில் குஞ்சுப் பருவத்தில் மட்டுமே வைத்திருந்து, பிறகு உவர்நீர்ப் பண்ணை உள்ளவர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

தொட்டி உயரமாக இருப்பதைவிட நீளமாக இருத்தல் வேண்டும். கூட்டம் ஓடித் திரும்ப இடம் தேவை. பார்வைக்கன்றி வளர்ப்புக்கு மட்டுமானால், கிணற்றுக்கு இறக்கும் சிமெண்டு உறைகளை அடிமூடி வட்டத் தொட்டியாக்கலாம். வட்டத்தில் மூலை இல்லாமையால் மீன் மிரண்டு முட்டுவதில்லை. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்புக் காரம் இறங்குமாகையால், ஜலம் நிரப்பிச் சில நாள் வைத்துக் கொட்டுவதைப் பல தடவை செய்த பின்னரே உபயோகிக்க வேண்டும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் குழாய்களும் உவர்ஜலத்தைத் தொடவே கூடாது. வடிகட்டியில் இடப் பவளப்பாறைக் கல் தருவதாகச் சிலர் கூறுவர். பவளங்கள் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவையாதலால் அவற்றை வாங்குதல் குற்றம். கழுவி உலர்த்திய சிப்பி ஓடு அவ்வேலையை நன்றாகச் செய்யும்.

ஜலம் தயாரானதும் மீனை விடும் அவசரம் கூடாது. மீன் கழிக்கும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அதுவரை சிறிதளவு இரையை மட்டும் இட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் காணப்படாமற் போன பிறகே மீன் வாங்க வேண்டும். அப்பொழுதும் ஒரே அளவுள்ள மீன்களாகப் பார்த்து, 2 அல்லது 3 வாரம் வேறு தொட்டியில் வைத்து நோய் இல்லையென்று கண்டு, முழுக் கூட்டத்தையும் ஒரே நாளில் விட வேண்டும். முன்பே குடியேறிய மீன்கள் பின்னால் வரும் ஒன்றிரண்டைச் சேர்த்துக் கொள்ளாமல் அடித்து விரட்டும். 1,000 லிட்டர் தொட்டிக்கு மோனோ ஆறு போதும். வளர்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு சாணைத் தாண்டும்.

இரையை ஓரிடத்தில் கொட்டாமல் தொட்டி முழுவதும் பரவலாகத் தூவினால் எளிய மீனுக்கும் பங்கு கிடைக்கும். ஒரு மீன் மட்டும் கூட்டத்தைவிட்டு விலகி நின்றால் அதனை அன்றே பிரித்து வைக்க வேண்டும். நள்ளிரவில் திடீரென்று விளக்கேற்றினால் கூட்டம் முழுவதும் மிரண்டு கண்ணாடியில் மோதும்.

வேலூர்க் கோடை இத்தொழிலின் முதற் பகைவன். வெளியே 40 டிகிரிக்கு மேல் காயும் அக்கினி நட்சத்திர நாட்களில் தொட்டி ஜலம் 30 டிகிரியைத் தாண்ட விடலாகாது. ஜலம் சூடேற ஏற அதில் கரையும் பிராணவாயு குறையும், உவர்ஜலத்தில் இன்னும் குறைவு. தென்னங்கீற்றுக் கொட்டகை, மேற்பரப்பில் வீசும் விசிறி, மின்சாரம் நின்றால் ஓடக்கூடிய பாட்டரிக் காற்றுக் கருவி ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. ஆவியாகிப் போவது ஜலமே, உப்பன்று. கடல் ஜலம் 1,000 லிட்டரில் 35 கிலோ உப்பு உண்டு. 50 லிட்டர் ஆவியானாலும் அந்த 35 கிலோவும் எஞ்சியுள்ள 950 லிட்டரிலேயே நிற்கும். ஆகையால் குறைந்த அளவை நல்ல ஜலம் கொண்டே நிரப்ப வேண்டும். உவர்ஜலத்தால் நிரப்பி வந்தால், கோடை முடியுமுன் மீன் தாங்காத கடுப்பு ஏறிவிடும்.

கடைசியாக, இப்பிரதேசத்தார் எல்லாவற்றிலும் மேலாகக் கவனிக்க வேண்டியது கழிவு ஜலம். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மாற்றினால், மேற்கண்ட தொட்டியிலிருந்து வாரம் 100 லிட்டரும் அதோடு 3.5 கிலோ உப்பும் வெளியேறும், வருஷத்துக்கு 182 கிலோ. இதை வாய்க்காலில் விட்டால் அடுத்தவர் கிணற்றுக்கும், தோட்டத்தில் விட்டால் தம் கிணற்றுக்கும் அது போய்ச் சேரும். பிறர் விட்ட உப்பால் நிலம் இழந்தவர் தாமே உப்பு விடுதல் பொருந்தாது. லிட்டருக்கு 12 கிராம் உப்பில் கழிமுக மீன் வளர்ப்பவருக்கு இந்த 182 கிலோ சுமார் 62 கிலோவாகக் குறையும் என்பதே முன்னர்ச் சொன்ன நன்மை. எஞ்சியதை, கனத்த பிளாஸ்டிக் விரிப்பு இட்ட ஆழமற்ற பாத்தியில் வெயிலில் காயவைத்து, படியும் உப்பைச் சுரண்டி மழை படாத இடத்தில் மூட்டை கட்டி வைக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் பாத்தியைக் காலி செய்து மூடிவிடுதல் அவசியம். இப்பாத்திக்கு இடமில்லாதவர்கள் தொட்டி கட்டத் தொடங்க வேண்டாம்.