ஓயாத மனத்திற்குச் சில உபாயங்கள்

1872-இல் வத்தலக்குண்டில் பிறந்து, ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்னும் நாவலை எழுதி, 1896-இல் சென்னையில் தோன்றிய ‘பிரபுத்த பாரத’ பத்திரிகையின் ஆசிரியராயிருந்து, 26 வயதிலேயே மறைந்த பி. ஆர். ராஜமய்யர் வேதாந்தத்தில் தேடிய சாந்தியை, வத்தலக்குண்டில் மலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் சாமானியரும் சிறிதளவேனும் பெறலாம்.

அந்தப் பேருந்து செல்லும் வழியில், கொடைக்கானலுக்குச் சற்று முன்னே பெருமாள்மலையில், இயேசு சபைத் துறவி அமா சாமி நிறுவிய போதி ஜெண்டோ என்னும் ஜென் தியான நிலையம் இருக்கிறது. ஜென் மரபில் ஆரம்ப சாதகருக்குரிய அப்பியாசம் எளியது: முதுகை நிமிர்த்தி, கண்களைப் பாதி தாழ்த்தி, வெளிச்செல்லும் மூச்சுகளை ஒன்று முதல் பத்து வரை எண்ணி, மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவது. மளிகைக்கடைப் பாக்கியும் மகளின் கல்யாணமும் நடுவே புகுந்து, பதினேழு என்று எண்ணிக்கொண்டிருப்பதைத் திடீரென உணர்வீர்கள். மனத்தைக் கடிந்துகொள்ளாமல் ஒன்றுக்குத் திரும்புங்கள். அப்பியாசம் என்பதே அத்திரும்புதல்தான்.

முழங்கால் வலியுள்ளவர்கள் நாற்காலியில் அமரலாம். (பத்மாசனமின்றித் தியானம் சித்திக்காது என்பது வீண் பயமுறுத்தல்.) வயிறு நிறைய உண்டவுடன் அமர்ந்தால் வருவது நித்திரையே. உட்கார்ந்தால் பதற்றம் மிகுகிறவர்கள், பாதம் தரையில் படுவதைக் கவனித்து மெதுவாக நடக்கலாம். இதுவும் ஜென் மரபினர் கைக்கொள்ளும் முறையே. தொடக்கத்தில் பத்து நிமிஷம் போதும்.

வாரக்கணக்கில் உறக்கமே பிடிக்காமல் மனம் அலைக்கழிக்கப்படுகிறவர்கள் தியானத்தை மட்டும் நம்பியிராமல் வைத்தியரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.