கட்டற்ற மென்பொருளும் வணிகமும்

முற்காலத்து வணிகர் துலாக்கோலும் படியும் கொண்டு தொழில் நடத்தினர். துலாக்கோல் பழுதுற்றால் ஊர்க் கொல்லன் அதனைப் பிரித்துப் பார்த்துச் செப்பனிடுவான். அவன் மறுத்தால் வேறொரு கொல்லனிடம் செல்லலாம். இக்கால வணிகரின் துலாக்கோல் கணிப்பொறியே ஆகும். கணக்கும் கடிதமும், கொள்முதலும் விற்பனையும் அதனுள் அடங்கிவிட்டன. ஆனால், அது பழுதுற்றால் அதன் உள்ளே புகுந்து பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு? இவ்வினா எளிதாகத் தோன்றினும், வணிக உலகையே மாற்றிய வினா இதுவேயாகும்.

கணிப்பொறியின் உறுப்புகள் அனைத்தையும் ஒழுங்குபட இயக்குவது இயங்குதளம் எனப்படும். அதனை அறிஞர் முதலில் மனிதர் படித்து உணரக்கூடிய வடிவில் எழுதுவர். அதற்கு மூலநிரல் என்று பெயர். பின்னர் அது பொறிக்கு மட்டுமே விளங்கும் வடிவாக மாற்றப்படுகிறது. பல நிறுவனங்கள் பொறிவடிவை மட்டும் விற்று, மூலநிரலை மறைத்துவிடுகின்றன. வாங்கியவர் அதனைப் பயன்படுத்தலாம். ஆராயவோ திருத்தவோ இயலாது. குறை நேர்ந்தால், விற்றவர் மனம் வைக்கும்வரை காத்திருத்தல் வேண்டும்.

இந்நிலையை ஏற்க மறுத்தவர் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அவர், 1983ஆம் ஆண்டில் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். யாவரும் தடையின்றிப் பயன்படுத்தவும், கற்றுத் திருத்தவும், பிறர்க்கு வழங்கவும், திருத்தியதைப் பரப்பவும் உரிய இயங்குதளம் ஒன்றைப் படைப்பதே அவர் நோக்கம். அவ்வுரிமைகள் என்றும் பறிபோகாவண்ணம் 1989இல் பொது உரிமம் ஒன்றையும் வகுத்தளித்தார். பெற்றவர் தாமும் அவ்வாறே பிறர்க்கு வழங்கவேண்டும் என்பது அதன் உயிர்நாடி.

கருவிகள் பல உருவாயின. ஆயினும் இயங்குதளத்தின் உட்கரு நிறைவெய்தவில்லை. அக்குறையைத் தீர்த்தவர் பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர். லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் அவ்விளைஞர்க்கு அப்போது அகவை 21. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதி வருவதாகவும், அது பெரிதாக இராது என்றும் அடக்கத்துடன் அறிவித்தார். அதுவே 'லினக்ஸ்' எனப் பெயர் பெற்றது. பொருள் பெற்று அதனை விற்றல் ஆகாது என்று முதலில் தடை விதித்திருந்த அவர், 1992இல் அத்தடையை நீக்கி, ஸ்டால்மன் வகுத்த உரிமத்தை ஏற்றார். வணிகத்திற்கு வாயில் திறந்தது அந்நாளிலேதான்.

"யாவரும் விலையின்றிப் பெறக்கூடிய ஒன்றை வைத்து வணிகம் செய்வது எங்ஙனம்?" என்று பலர் நகைத்தனர். 1993இல் அமெரிக்காவில் தோன்றிய 'ரெட் ஹேட்' நிறுவனம் அதற்குச் செயலால் விடையளித்தது. அது நிரலை மறைத்து விற்கவில்லை. நிரலைப் பேணும் உழைப்பை விற்றது. பழுது நீக்குதல், புதுப்பித்தல், வழிகாட்டுதல் ஆகிய பணிகளுக்காக நிறுவனங்கள் ஆண்டுதோறும் அதற்குப் பணம் செலுத்தின. 2019இல் ஐ.பி.எம். நிறுவனம் ஏறத்தாழ 3,400 கோடி டாலர் கொடுத்து அதனை விலைக்கு வாங்கியது. நகைத்தவர் வாயடைத்தனர்.

பெருவணிகத்திற்கும் இவ்வியங்குதளம் தகுதியுடையது என்பதற்கு இலண்டன் பங்குச் சந்தை ஒரு சான்று. நொடிப்பொழுதில் பெருந்தொகை கைமாறும் அவ்விடத்தில் சிறு தடையும் பேரிழப்பாக முடியும். அச்சந்தை 2009இல் இலங்கையைச் சேர்ந்த மென்பொருள் நிறுவனம் ஒன்றை வாங்கி, அதன் துணையால் 2011இல் லினக்ஸின் மீது இயங்கும் புதிய முறைக்கு மாறியது. உலகின் மிக விரைவான 500 மீக்கணிப்பொறிகளின் பட்டியலும் 2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் முற்றிலும் லினக்ஸின் வசமாயிற்று.

எனினும், மேசைமீதுள்ள கணிப்பொறிகளில் வெற்றி அத்துணை எளிதாக வாய்க்கவில்லை. செருமனியின் மூனிச்சு நகராட்சி 2003இல் தன் அலுவலகங்களை லினக்ஸுக்கு மாற்ற முடிவு செய்தது. அதனைத் தடுக்க, மைக்ரோசாப்டு நிறுவனத்தின் தலைமை அதிகாரியே நேரில் வந்து நகரத் தலைவரைக் கண்டு பேசினார், விலையும் குறைக்கப்பட்டது. நகராட்சி அசையவில்லை. 2013ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகள் மாற்றப்பட்டன. ஆனால், பிற அலுவலகங்களிலிருந்து வந்த ஆவணங்கள் சில செவ்வனே திறக்கவில்லை. சில தனிப்பணி மென்பொருள்கள் பழைய தளத்தில் மட்டுமே இயங்கின. ஊழியர்களின் முறையீடு பெருகியது. 2017இல் நகரமன்றம் பழைய தளத்திற்கே திரும்பத் தீர்மானித்தது.

இந்நிகழ்ச்சி புகட்டும் பாடம் யாது? விலையின்றிக் கிடைப்பது செலவின்றி நிலைபெறாது. உரிமக் கட்டணம் மிச்சமாகலாம். ஆனால் ஊழியரைப் பயிற்றவும், பழைய ஆவணங்களை மாற்றவும், பழுது பார்க்க வல்லாரை அமர்த்தவும் பொருளும் பொறுமையும் வேண்டும். கொல்லன் இல்லாத ஊரில் திறந்த துலாக்கோலும் பழுதாகவே கிடக்கும். ஆகவே, சிக்கனத்தை மட்டும் கருதி இதனை மேற்கொள்வோர் ஏமாற்றம் அடைதல் கூடும்.

அங்ஙனமாயினும், அவ்வுரிமையின் பெருமை குன்றுவதில்லை. 2024இல் அதே செருமனியின் சிலெசுவிக்கு-ஓல்சுடைன் மாநில அரசு, தன் 30,000 கணிப்பொறிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. தன் செய்திகளைக் காக்கும் கருவி தன் ஆளுகையிலேயே இருத்தல் வேண்டும் என்பது அவ்வரசின் கருத்து.

திறந்த நிரல் யாரையும் தானாக உயர்த்திவிடாது. கற்க விரும்புவோர்க்குக் கதவைத் திறந்து வைக்கும், அவ்வளவே. மாணவர் ஒருவர் பொழுதுபோக்காகத் தொடங்கிய பணி உலக வணிகத்தையே தாங்கும் தூணாயிற்று. அத்தூணில் பிறர் எழுதிய எழுத்தைப் படிக்கவும், தம் எழுத்தைச் சேர்க்கவும் எந்நாட்டு மாணவர்க்கும் உரிமை உண்டு. உரிமை முன்னரே வழங்கப்பட்டுவிட்டது. அறிவும் உழைப்புமே இனித் தேட வேண்டியவை.